கல் எறியாத கேமராக்காரர்

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன். அப்புறம் கதைக்குப் போகலாம்.

போன டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் நாங்க ஆறு பேர் ஈசிஆர் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம். கையில இரவல் வாங்கின ஒரு டிஎஸ்எல்ஆர். காலை வெயில்ல ஒரு முதலை கரையில படுத்திருந்தது. இருபது நிமிஷம் நின்னோம், அது ஒரு மில்லிமீட்டர்கூட அசையலை. வாயைத் திறந்தா பல்லோட ஒரு படம் கிடைக்கும், ஸ்டேட்டஸ்ல போட்டா கெத்தா இருக்கும்னு ஆசை. கீழ கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து எறிஞ்சேன். முதலை வாயைத் திறக்கலை. சர்ருனு தண்ணிக்குள்ள இறங்கிப் போயிடுச்சு.

அங்க வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் இதைப் பார்த்துட்டார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டலை. கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே வாயைத் திறந்திருக்கும் தம்பின்னு சொல்லிட்டு நடந்து போயிட்டார். திட்டியிருந்தாகூட இவ்வளவு உறைச்சிருக்காது.

ரூமுக்கு வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது. முதலை குளிர் ரத்தப் பிராணி. நமக்கு இருக்கிற மாதிரி உடம்புக்குள்ளயே ஒரு தெர்மோஸ்டாட் அதுக்குக் கிடையாது. ராத்திரி குளிர்ந்துபோன உடம்பைக் காலை வெயில்ல காயவச்சு சூடேத்திக்கும். சூடு அதிகமானா வாயைப் பிளந்து வச்சுக்கிட்டு அப்படியே கிடக்கும், வாயோட ஈரத்தோல் வழியா சூடு வெளியேறும். அதாவது எனக்கு வேண்டிய அந்தப் படம் தானாவே வந்துகிட்டு இருந்தது. அதைக் கெடுத்தது என் கல்தான்.

இந்தக் குற்ற உணர்ச்சியோட சுத்திக்கிட்டு இருந்தப்பதான் ஒரு சீனியர் ஒரு பெயர் சொன்னார்: மா. கிருஷ்ணன். நீங்க இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம், கேள்விப்படாமலும் இருக்கலாம். நான் கேள்விப்பட்டதில்லை. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலைப் பற்றித் தனியா ஒரு நூல் எழுதினவர். இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிச்ச பெரிய கலைஞர்கள்ல ஒருத்தர். அதுவும் தானே சேர்த்துக் கட்டின ஒரு கேமராவுல. அவர் வாழ்க்கையைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

பெருங்குளம் ஹவுஸ் பையன்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சாதாரண ஆள் இல்லை. தமிழின் ஆரம்ப கால நாவல்கள்ல ஒண்ணான பத்மாவதி சரித்திரத்தை எழுதின அ. மாதவையா. பிழைப்புக்கு அவர் பார்த்தது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உப்பு, ஆப்காரி இலாகாவுல உத்தியோகம். பிறகு முன்கூட்டியே ஓய்வு வாங்கிட்டு குடும்பத்தோட சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். அன்றைக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, இன்றைக்கு ராதாகிருஷ்ணன் சாலை. வீட்டுக்குப் பெயர் பெருங்குளம் ஹவுஸ். பெருங்குளம் அவங்க பூர்வீக ஊர்.

இன்னைக்கு அந்த ரோட்டுல நீங்க போனா ஃப்ளைஓவரும் சிக்னலும்தான் கண்ணுல படும். அப்போ மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடும் தோப்பும் குளமுமா இருந்தது. பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. காட்டைப் பார்க்க ஒரு பையன் ரயில் ஏற வேண்டாம், கொல்லைக் கதவைத் திறந்தா போதும். பின்னாடி அவர் தன்னோட ஒரு ஆங்கிலப் புத்தகத்துக்கு ஜங்கிள் அண்ட் பேக்யார்டுன்னு பெயர் வச்சார். காடும் கொல்லைப்புறமும். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பார்க்கிற பழக்கம் அவர்கிட்ட கடைசி வரைக்கும் இருந்தது. யானையைப் பற்றி எந்த அக்கறையோட எழுதினாரோ, அதே அக்கறையோட அணிலைப் பற்றியும் காக்காயைப் பற்றியும் எழுதினார்.

1925-ல் அப்பா இறந்துபோனார். அந்த மரணமே ஒரு கதை மாதிரி இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்துல, பி.ஏ. படிப்புல தமிழைக் கட்டாயப் பாடமா வைக்கணும்னு வாதாடிப் பேசி முடிச்ச கையோட, அந்த இடத்துலயே மாதவையா காலமானார். கிருஷ்ணனுக்கு அப்போ 13 வயசு.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிச்சு, 1927-ல் பிரசிடென்சி காலேஜ்ல சேர்ந்து, 1931-ல் பி.ஏ. முடிச்சார். தாவரவியல் அவரை இழுத்துப் பிடிச்சது. அங்கே பேராசிரியரா இருந்தவர் பைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதின மனுஷன். அவர் செடி தேடி மலைக்குப் போனப்போ கிருஷ்ணனும் கூடவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனார். பைசனோட மனைவிகிட்ட நீர்வண்ணத்துல படம் வரையக் கத்துக்கிட்டார். பின்னாளில் தன் கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியம் போட்டுக்கிட்ட ஆளுக்கு இது நல்ல அஸ்திவாரம். ஒரு இலையை வரையணும்னா அதோட நரம்பு எப்படி ஓடுதுன்னு பார்த்தே ஆகணும். வரையத் தெரிஞ்சவன் கண்ணு வேற மாதிரிதான் பார்க்கும்.

டிகிரி இருக்கு, வேலை?

இனிமே வர்ற பகுதி ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு நல்லாவே புரியும்.

கிருஷ்ணன் எம்.ஏ. படிச்சார். அப்புறம் சட்டம் படிச்சு 1936-ல் அந்தப் பட்டமும் வாங்கினார். ஆனா கறுப்பு கோட்டு அவருக்கு ஒட்டலை. 1937-ல் இந்துமதியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அச்சக நிறுவனம், ஓவியப் பள்ளி, அகில இந்திய வானொலின்னு ஒவ்வொரு இடமா வேலை பார்த்தார். எதுலயும் நிலைக்கலை. அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். அதே வீட்டுல, முப்பது வயசை நெருங்கியும் எந்த வேலையிலும் கால் ஊன்றாத தம்பி. தீபாவளிக்கு வர்ற சொந்தக்காரங்க என்ன கேட்டிருப்பாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1942-ல் ஒரு கதவு திறந்தது. பெல்லாரிப் பக்கம் சண்டூர்னு ஒரு குட்டி சமஸ்தானம். அங்கே வேலை கிடைச்சுக் குடும்பத்தோட போனார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்னு சமஸ்தானம் கேட்ட வேலையெல்லாம் பார்த்தார். மிச்ச நேரம் முழுக்க மலைதான். ஆடு மேய்ச்சார். புறா வளர்த்தார், புறா மூலமா தபால் அனுப்புற ஏற்பாட்டுலயும் இறங்கினார். ஏழு வருஷம் ஒரே மலைத்தொடரை எல்லாப் பருவத்துலயும் கால்நடையா சுத்தினது அவருக்கு இன்னொரு யுனிவர்சிட்டி.

1949-ல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோட சேர்ந்தது. சமஸ்தானம் போச்சு, அதோட அந்த வேலையும் போச்சு. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி வந்து ஒரு முடிவு எடுத்தார். இனிமே யார்கிட்டயும் சம்பளத்துக்கு வேலை இல்லை, எழுத்தும் படமும்தான் பிழைப்பு. கையில குடும்பம், 37 வயசு, இந்தியாவுல காட்டுயிரைப் பற்றி எழுதிச் சாப்பிட்டவங்கன்னு விரல் விட்டு எண்ணக்கூட ஆள் இல்லாத காலம். இதைத் தைரியம்னு சொல்றதா, பிடிவாதம்னு சொல்றதா? அவரை அறிஞ்சவங்க எழுதினதைப் படிச்சா, ரெண்டுமே அவர்கிட்ட தாராளமா இருந்திருக்குன்னு தெரியுது.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வந்த தி ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில் கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. அது 46 வருஷம் ஓடினது. மாசத்துக்கு ரெண்டுன்னு கணக்குப் போட்டாலே ஆயிரத்தைத் தாண்டுது. நம்ம மேகசினுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு கட்டுரை வாங்குறதுக்கு எடிட்டர் எத்தனை மெசேஜ் போட வேண்டியிருக்குன்னு நினைச்சுப் பாருங்க. அப்போதான் இந்த எண்ணோட எடை தெரியும்.

சூப்பர் பாண்டெரோசா

இப்போ கேமராவுக்கு வருவோம். நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

கடையில வாங்கின கேமரா கிருஷ்ணனுக்குத் திருப்தி தரலை. அவருக்குப் பெரிய நெகட்டிவ் வேணும், தூரத்துல இருக்கிற விலங்கைப் பிடிக்க நீளமான லென்ஸ் வேணும், காட்டுல தூக்கிக்கிட்டு நடக்கவும் முடியணும். அதனால வேற வேற இடத்திலிருந்து கிடைச்ச பாகங்களை ஒண்ணா இணைச்சுத் தனக்குன்னு ஒரு கேமராவைத் தானே உருவாக்கினார். அதுக்கு அவர் வச்ச பெயர் சூப்பர் பாண்டெரோசா. பெயரைக் கேட்டாலே கனம் தெரியுது இல்லையா? ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்ல ஒரு ஃபிட்டிங் ஜாயின்ட் போட்டு, வெளிச்சம் தெரியாத மாதிரி ராவி ராவி நம்ம விரல் தேஞ்சிருக்கும். ஒரு கேமராவுக்கும் இன்னொரு லென்ஸுக்கும் நடுவுல துளி வெளிச்சம்கூட கசியாம இணைக்கிறது அதைவிடக் கஷ்டம். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஃபிலிம் பாழ்.

இன்னொரு விஷயத்தையும் யோசிங்க. அது டிஜிட்டல் காலம் இல்லை. நாம ஷட்டரை அழுத்திப் பிடிச்சா ஒரு நொடிக்குப் பத்துப் படம் விழுது, அதுல ஒண்ணு தேறும். அன்றைய 120 ஃபிலிம் ரோல்ல சதுரப் படம் எடுத்தா 12 வரும். அவ்வளவுதான். எடுத்தது சரியா வந்துச்சான்னு பின்னாடி திருப்பிப் பார்க்க ஸ்க்ரீனும் இல்லை. காட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, இருட்டறையில கழுவினப்புறம்தான் தெரியும். கிருஷ்ணன் அந்தக் கழுவுற வேலை, பிரின்ட் போடுற வேலை எல்லாத்தையும் தானே செஞ்சார். அதனால ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன்னாடி அவர் யோசிச்சே ஆகணும். காத்திருந்தே ஆகணும்.

கலர் ஃபிலிம் வந்து ஊரே அதுக்கு மாறினப்புறமும் அவர் கறுப்பு வெள்ளையை விடலை. அவரோட யானைப் படங்களைப் பாருங்க, ஐ இன் தி ஜங்கிள்னு 2006-ல் வந்த தொகுப்புல இருக்கு. நிறம் இல்லாததால நம்ம கண்ணு தோலோட சுருக்கத்துக்குப் போகுது, காதோட மடிப்புக்குப் போகுது, காலடிப் புல்லுக்குப் போகுது. இன்னொண்ணும் கவனிச்சேன். நாம முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிச்சு, பின்னாடி எல்லாத்தையும் மங்கலாக்கினாதான் நல்ல படம்னு நினைக்கிறோம். அவரோட பல படங்கள்ல மிருகம் தன் இடத்தோட நிக்குது. மூங்கில், பாறை, தண்ணி, கூட்டத்துல மத்ததுங்க எல்லாம் கூடவே வரும். அது எங்க வாழுது, என்ன செஞ்சுகிட்டு இருக்குன்னு படமே சொல்லிடும்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு முன்னாடி எல்லாரும் செல்ஃபி எடுத்திருப்பீங்க. அடுத்த தடவை கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. பெரிய யானையோட காலடியில குட்டிங்க நிக்கும். பின்னங்காலால மூக்கைச் சொறிஞ்சுக்கிற ஒரு மான் இருக்கும். 1300 வருஷத்துக்கு முன்னாடி உளி பிடிச்ச அந்த ஆள் நிஜமாவே ஒரு மான் மூக்கைச் சொறியறதைப் பார்த்திருக்கணும், அதுவரைக்கும் காத்திருக்கணும். கிருஷ்ணன் படங்களைப் பார்த்தப்புறம்தான் எனக்கு அந்த மான் கண்ணுல பட்டது. அதுக்கு முன்னாடி ஏழெட்டுத் தடவை அங்க போயிருக்கேன்.

காட்டுல நடந்த கணக்கெடுப்பு

1960-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. ஆனா அவரோட பெரிய வேலை அதுக்கு அப்புறம்தான் வந்தது. 1968-லிருந்து 1970 வரைக்கும் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப்பில், தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில இருக்குன்னு ஒரு ஆய்வு பண்ணினார். காடு காடா போய்ப் பார்த்து எழுதினது 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வெளியீடா புத்தகமா வந்தது. பெரும்பாலும் நடந்தார், இல்லேன்னா பழக்கின யானை மேல உட்கார்ந்து போனார். காட்டுல பிறந்து வளர்ந்த பழங்குடி ஆட்கள்தான் அவருக்கு வழிகாட்டிகள்.

இந்தியக் காட்டுயிர் வாரியத்துல நீண்ட காலம் உறுப்பினரா இருந்தார். 1970-களில் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். கமிட்டியில் இருந்தாலும் தலையாட்டிப் பொம்மையா இருக்கலை. தனக்குத் தப்புன்னு பட்டதை யார் முகத்துக்கு நேராவும் சொல்வார். முக்கியமா ஒரு விஷயத்துல அவர் விடாப்பிடி: வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டுட்டு அதைப் பசுமைன்னு சொல்லக்கூடாது. மண்ணோட சொந்தச் செடியும் மரமும் இருந்தாதான் அதை நம்பி இருக்கிற பூச்சியும் பறவையும் மிருகமும் இருக்கும். இப்போ நேட்டிவ் ஸ்பீசீஸ்னு எல்லா என்.எஸ்.எஸ். கேம்ப்லயும் பேசுறோம். அவர் அதை ஏறக்குறைய தனியாளா நின்னு பேசிக்கிட்டு இருந்தார்.

வேடந்தாங்கல்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். மதுராந்தகம் பக்கத்துல வேடந்தாங்கல். அதிகம் போனா 30 ஹெக்டேர் இருக்கிற ஒரு சாதாரணப் பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழையில ஏரி நிறைஞ்சதும், தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்ல ஆயிரக்கணக்குல நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டும்.

இதுல அசத்தலான விஷயம் பறவை மட்டும் இல்லை, ஊர்க்காரங்களும்தான். பறவைகளோட எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். தழைச்சத்து நிறைஞ்ச தண்ணி. அதனால பறவையைச் சுட யாரையும் ஊர் விட்டதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுல வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டப்போ, ஊர் மக்கள் கலெக்டர்கிட்டயே போய் முறையிட்டாங்க. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ், இந்தப் பறவைகளைப் பாதுகாக்கிற உரிமை ஊருக்கு உண்டுன்னு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். உலகத்தின் முதல் தேசியப் பூங்காவான அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வந்தது 1872-ல். அதுக்கும் 74 வருஷம் முன்னாடி, நம்ம மதுராந்தகம் பக்கத்து விவசாயிங்க கையில பாதுகாப்புப் பத்திரம்!

கிருஷ்ணனுக்கு வேடந்தாங்கல் மேல தனிப் பாசம். அந்த ஏரியின் வரலாற்றையும், எந்தப் பறவை எப்படிக் கூடு கட்டும், எப்படிக் குஞ்சுக்கு ஊட்டும் என்பதையும் எழுதினார். தமிழில் அவர் எழுதின பறவைக் கட்டுரைகளோடு சேர்த்து, பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற பெயரில் பெருமாள்முருகன் பதிப்பிச்ச நூலா காலச்சுவடு வெளியிட்டிருக்கு. மழைக்காலமும் குயிலோசையும் என்ற இன்னொரு தொகுப்பை சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பிச்சிருக்கார். ரெண்டையும் லைப்ரரியில கேட்டுப் பாருங்க.

எனக்கு இதுல ஒரு சொந்த உறுத்தல் உண்டு. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் நான். பெலிகன் தெரியும், கூழைக்கடா தெரியாது. டார்ட்டர் தெரியும், தண்ணிக்கு மேல கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நீந்துறதால அதுக்குப் பாம்புத்தாரான்னு பெயர்னு தெரியாது. ஓபன்பில் ஸ்டார்க் தெரியும், நத்தைக்குத்தி நாரை தெரியாது. ஆங்கிலப் பெயர் அதோட அலகு மூடாம இடைவெளி விட்டு இருக்குன்னு சொல்லுது. தமிழ்ப் பெயர் அந்த அலகை வச்சு அது என்ன சாப்பிடுதுன்னு சொல்லுது. வயல்ல நின்னு பார்த்தவன் வச்ச பெயர் அது. கிருஷ்ணன் சங்க இலக்கியத்துல வர்ற மிருகங்களையும் பறவைகளையும் பற்றியும் எழுதினவர். ஆங்கிலத்துல நாடே வாசிச்ச மனுஷன் தமிழையும் விடலை. காலேஜ்ல தமிழ் இருக்கணும்னு பேசி முடிச்சு உயிர் விட்ட அப்பாவோட பிள்ளை இல்லையா!

அந்த ஏரி இன்னைக்கும் பத்திரமா இருக்குன்னு நினைச்சு நாம சும்மா இருந்துட முடியாது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு அரசு அறிவிச்சது. பறவை கூடு கட்டுறது ஏரியில, ஆனா இரை தேடுறது சுற்றி இருக்கிற வயல்லயும் குட்டையிலயும். அதனாலதான் இந்த 5 கிலோமீட்டர். 2020-ல் இந்த அளவைக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பினது உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். நாம அப்போ ஆன்லைன் கிளாஸ்ல இருந்தோம். 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியல்லயும் இடம் பிடிச்சது. கூட்டை மட்டும் காப்பாத்திட்டு வயலை விட்டுட்டா பறவை வராது. விலங்கை அதோட இடத்தோட சேர்த்துப் பார்க்கணும்னு கிருஷ்ணன் படங்கள் சொல்றது இங்கேயும் பொருந்துது.

கடைசி வரைக்கும்

வயசானப்புறமும் அவர் ஓயலை. 1985-ல் நைட்ஸ் அண்ட் டேஸ் என்ற புத்தகம் வந்தது. கடைசிக் காலத்துல கதிரேசன் செட்டியாரின் காதல்னு தமிழில் ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதினார். எண்பது வயசுக்கு மேல! 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குளோபல் 500 பட்டியல்ல அவர் பெயரைச் சேர்த்தது.

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் காலமானார். 46 வருஷம் எழுதின கன்ட்ரி நோட்புக்கின் கடைசிக் கட்டுரை பத்திரிகையில் அச்சாகி வந்ததும் அதே நாள்தான்.

நீங்க செய்யக்கூடியது

நம்மால முதுமலைக் காட்டுல மாசக்கணக்குல நடக்க முடியாது. ஆனா வண்டலூர் இருக்கு. ஈசிஆர்ல வடநெம்மேலியில 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கின முதலைப் பண்ணை இருக்கு. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வேடந்தாங்கல் இருக்கு. கேமராவோ போனோ எடுத்துட்டுப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட சில விஷயங்கள்:

கம்பி வலை குறுக்க வந்தா, அனுமதிக்கிற தூரம் வரைக்கும் லென்ஸை வலைக்கு ரொம்பக் கிட்ட கொண்டுபோங்க. அபெர்ச்சரை முழுசாத் திறந்து வையுங்க. வலையிலிருந்து மிருகம் தள்ளி இருக்கிற நேரமா பார்த்து எடுத்தா, வலை மங்கிக் காணாமப் போயிடும். கண்ணாடிக் கூண்டுல இருக்கிற பாம்புக்கு ஃப்ளாஷ் போடவே போடாதீங்க. படத்துல விழறது உங்க ஃப்ளாஷோட வெளிச்சம்தான். லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டின மாதிரி வச்சா பிரதிபலிப்பு குறையும். கண்ணாடியைத் தட்டாதீங்க, அந்த அதிர்வு பாம்போட உடம்புக்கு நேராப் போகும். ஊர்வனவுக்குக் காலை நேரம் நல்லது, வெயில் காய வெளிய வரும். வண்டலூருக்குப் போனா கூண்டை மட்டும் பார்த்துட்டு வராதீங்க. உள்ள ஓட்டேரி ஏரி இருக்கு. தண்ணி இருக்கிற காலத்துல யாரும் அடைச்சு வைக்காத நீர்ப்பறவைகள் தானா வந்து உட்காரும்.

வேடந்தாங்கல்ல சாயங்காலம் கரையில ஒரு இடம் பிடிச்சு உட்காருங்க. இரை தேடப் போனதுங்க கூட்டம் கூட்டமா திரும்பும். கூட்டுக்குக் கிட்டப் போக முயற்சி பண்ணாதீங்க. தாய்ப் பறவை பயந்து எழுந்தா, முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்காய்க்கும் ஆளாயிடும்.

பிப்ரவரியில நான் தனியா அங்க போனேன். டிஎஸ்எல்ஆர் கிடைக்கலை, போன்தான். மூணு மணி நேரம் உட்கார்ந்ததுல உருப்படியா ஒரே ஒரு படம் தேறினது. தூரத்துல ஒரு மரம், அதுல புள்ளி புள்ளியா நத்தைக்குத்தி நாரைங்க, கீழ தண்ணி, பின்னாடி வயல். ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஒருத்தன் ஜூம் பண்ணா ஒண்ணும் தெரியலையேன்னு கேட்டான். ஜூம் பண்ணாம பாருடான்னு பதில் போட்டேன்.

போன மாசம் அந்த முதலைகிட்டயும் போனேன். அதே முதலையான்னு சத்தியமா சொல்ல முடியாது, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குதுங்க. ஆனா அதே கரை, அதே காலை வெயில். கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நின்னேன். நாற்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு, யாரும் எதுவும் பண்ணாம, அது மெதுவா வாயைத் திறந்தது.